கார்த்திகை விதைப்புக்குக் கருஞ்சீரகமா, கொத்தமல்லியா, ஓமமா?

நாட்டு மருந்துக் கடைகளில் கருஞ்சீரகத்துக்குக் கேட்பு கூடியதிலிருந்து, "நம்ம கரிசல்ல இதைப் போட்டா என்ன?" என்ற பேச்சு திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குட்டையான செடி, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும், ஆடு மாடு விரும்பித் தேடி வராது, கிலோ விலையும் மல்லியைவிட மேலே நிற்கிறது. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தில் இறக்குவதற்கு முன் அந்தச் செடி என்ன கேட்கிறது, மதுரைச் சீமை என்ன கொடுக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். மழையை மட்டும் நம்பிய கரிசல் என்றால் கொத்தமல்லி. கிணறும் சொட்டுநீரும் உள்ள வடிகால் நல்ல நிலம் என்றால், முதல் வருடம் ஐந்து முதல் பத்து சென்ட் வரை கருஞ்சீரகம், மீதிக்கு மல்லி. ஓமம் நடுவில் நிற்கிறது. அதற்கென்று வாங்குகிறவர் தெரிந்திருந்தால் மட்டும் இறங்கலாம். கடுகை விதைக்காக இங்கே போடச் சொல்ல மனம் வரவில்லை, வேறு ஒரு வேலைக்கு அது நன்றாகப் பயன்படும்.

கருஞ்சீரகம் கேட்கும் குளிர்

பெயரில் சீரகம் இருந்தாலும் சீரகம், மல்லி, ஓமம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தில் இது இல்லை. அவை எல்லாம் குடைபோல் பூ விரிப்பவை. கருஞ்சீரகம் ரனன்குலேசி என்ற வேறு குடும்பம். ஒன்று, ஒன்றரை அடி உயரம் வளரும். நூல் நூலாகப் பிளந்த இலை. கிளை நுனியில் ஒவ்வொன்றாக வெளிர்நீலமோ வெள்ளையோ ஆன பூ. பூ உதிர்ந்ததும் ஐந்தாறு அறைகள் ஒட்டிய, மேலே கொம்பு நீட்டிய காய் உப்பும். அதற்குள்தான் கறுத்த, மூன்று முனை உள்ள விதைகள். குடும்பம் வேறு என்பதில் ஒரு நன்மை உண்டு: மல்லி போட்டு நோய் கண்ட நிலத்தில் பயிர் மாற்றத்துக்கு இது உதவும்.

இந்தியாவில் இதைப் பெரிதாகப் பயிரிடுவது மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில். அஜ்மீர் பக்கத்தில் தபிஜியில் உள்ள தேசிய விதை நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி மையம் வெளியிட்ட 'அஜ்மீர் நைஜெல்லா 1' போன்ற ரகங்களின் வயது ஏறக்குறைய 135 நாள். மற்ற ரகங்களில் 150 நாள் வரை போவதும் உண்டு. அங்கே அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவுக்குள் விதைப்பார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் செடி மெல்லக் கிளை விட்டு, குளிர் விலகும்போது பூத்து, வெயில் ஏறும்போது காய்கிறது. நன்றாகப் பார்த்த பாசனப் பயிரில் எக்டேருக்கு 800 கிலோ முதல் 1,000 கிலோ வரை எடுக்கிறார்கள், ஏக்கருக்கு 320 முதல் 400 கிலோ. இணையத்தில் சுற்றும் லாபக் கணக்குகளெல்லாம் இந்த எண்ணை வைத்துப் போட்டவை. அவற்றை அப்படியே நம் நிலத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

காரணம் இரவுக் குளிர். அஜ்மீரில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். மதுரையில் மார்கழி, தை மாதங்களிலேயே இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், பகலில் 30. மாசியில் பகல் 33-ஐத் தாண்டி, பங்குனியில் 36-ஐத் தொடும். வெப்பம் கூடுதலான இடத்தில் செடி அவசரப்படும்: கிளை குறையும், சீக்கிரமே பூ வைக்கும், காய் சிறுக்கும், காய்க்குள் பாதி விதை சப்பையாகப் போகும். செடி செழிப்பாக நிற்பதைப் பார்த்து விளைச்சலை மதிப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காயைப் பிளந்து விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, முன்னாலேயே விதைத்துக் குளிரை முழுதாகப் பிடித்துக்கொள்ளலாமே என்றால், அங்கே வடகிழக்குப் பருவமழை குறுக்கே நிற்கிறது. மதுரையில் அதிக மழை பெய்யும் மாதம் அக்டோபர். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ விதைத்தால் மண் இன்னும் சூடாக இருக்கும். கருஞ்சீரகம் சூடான மண்ணில் சரியாக முளைக்காது. முளைத்ததும் ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டி வேரழுகலில் போகும். கார்த்திகை கடைசிக்குத் தள்ளினால் காய் முற்றுவது பங்குனி வெயிலில் மாட்டும். ஆக, கையில் இருப்பது ஏறத்தாழ நவம்பர் 5 முதல் 25 வரை, மூன்று வாரம். அந்த மூன்று வாரத்திலும் மழை விட்டு மண் பதமாக இருக்கும் நாளைப் பார்த்து விதைக்க வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளிதான் கருஞ்சீரகத்துக்கும் மல்லிக்கும் உள்ள பெரிய வேறுபாடு. மல்லிக்கு இவ்வளவு நெருக்கடி கிடையாது.

கருஞ்சீரகம் போடுவதென்றால்

முதல் கண்ணி விதையிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் வாங்கிய கருஞ்சீரகத்தை விதைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முளைக்கக்கூடும், ஆனால் அது எத்தனை வருடச் சரக்கு, எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாது. அதைவிட, வெங்காய விதை இதோடு குழம்புவது உண்டு. இரண்டும் கறுப்பு, இரண்டும் முனை உள்ளவை. பத்து விதையை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும்: கருஞ்சீரகத்தில் ஓமமும் மிளகும் கலந்த மாதிரி காரமான வாசம் எழும், வெங்காய விதையில் அந்த வாசமே இருக்காது. கடித்தால் கருஞ்சீரகம் எண்ணெய்ப் பசையோடு கசந்து உறைக்கும். எள் என்றால் தட்டையாக வழுவழுப்பாக இருக்கும், அதில் குழப்பம் வராது. சந்தேகம் தீராவிட்டால் முளைக்க விட்டுப் பாருங்கள். பச்சை நூல் மடங்கிய கொக்கி மாதிரி ஒற்றையாக வந்தால் அது வெங்காயம். இரண்டு வித்திலை விரித்து, அதன் பின்னால் பிளந்த இலை வந்தால்தான் கருஞ்சீரகம்.

முளைப்புச் சோதனையை விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே செய்துவிட வேண்டும். 100 விதையை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த மூலையில், மண்பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். துணி காயாமல் தெளித்துக்கொண்டே 15 நாள் பொறுக்க வேண்டும். வெந்தயம் மாதிரி மூன்றாம் நாளே முளை காட்டாது. 70-க்கு மேல் முளைத்தால் ஏக்கருக்கு 3 கிலோ கணக்கு சரி. 50 என்றால் விதையை 4 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டும். அதற்கும் கீழே என்றால் அந்த விதையை விட்டுவிடுவதே நல்லது. முளைப்புக் குறைந்த விதையில் வரும் நாற்றும் நோஞ்சானாகத்தான் இருக்கும்.

சோதனைக்கு ஐந்து சென்ட் என்றால் 150 கிராம் விதை. வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலந்து, பிறகு நான்கைந்து பங்கு உலர்ந்த மணலோடு சேர்த்து, ஓரடி இடைவெளி வரிசையில் தூவ வேண்டும். ஆழம் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. கரிசலில் மழை ஒன்று பெய்து காய்ந்ததும் மேலே ஓடு கட்டும். கருஞ்சீரக முளைக்கு அந்த ஓட்டை முட்டிக்கொண்டு வரும் வலு கிடையாது. ஆகவே வரிசையை மண்ணால் மூடுவதைவிடச் சலித்த மக்கிய தொழு உரத்தால் மூடுவது மேல். மேட்டுப் பாத்தியோ பாரோ கட்டாயம். சமதளப் பாத்தியில் ஒரு இரவு தண்ணீர் நின்றாலும் அடுத்த வாரம் கழுத்து கறுத்துச் செடி சாயும்.

அடியுரமாக ஏக்கருக்கு 4 டன் தொழு உரம், 50 கிலோ சூப்பர் பாஸ்பேட், 10 கிலோ பொட்டாஷ். யூரியா மொத்தம் 35 கிலோ; பாதி அடியில், பாதி முதல் களைக்குப் பிறகு. பசுமை போதவில்லை என்று யூரியாவைக் கூட்டினால் செடி நெடுத்துச் சாயும், முற்றுவதும் தள்ளிப்போகும். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய பயிரில் இது செய்யவே கூடாத காரியம்.

அடுத்தது களை. முதல் ஒரு மாதம் கருஞ்சீரகம் தரையோடு தரையாக மெலிந்து நிற்கும். அதற்குள் கோரையும் பார்த்தீனியமும் மூடிவிடும். 25 முதல் 30 நாளில் முதல் கொத்துக் களை, அப்போதே செடிக்குச் செடி அரையடி விட்டுக் கலைத்துவிடுவது. 55, 60 நாளில் இரண்டாவது. பிஞ்சில் இதன் இலை களைச்செடி போலவே தெரியும். களை எடுக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டி ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் களையோடு பயிரும் கூடைக்குப் போகும். தூவி விதைக்காமல் வரிசையில் விதைக்கச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தண்ணீர்: விதைத்ததும் ஒன்று, ஐந்தாறு நாளில் ஒன்று, பிறகு மண்ணைப் பார்த்து 10 முதல் 15 நாளுக்கு ஒன்று. பூக்கும்போதும் விதை திரளும்போதும் காய விடக் கூடாது. மாசி வெயிலில் ஒரு தண்ணீர் தப்பினால் சப்பைக் காய் கூடிவிடும். காய் பழுப்பு ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பூவுக்குத் தேனீ நிறைய வரும், அதனால் விதைப் பிடிப்பும் கூடும். பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்துத் தெளிப்பானை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அறுவடையில் பொறுமையாக இருந்து கெட்டவர்கள் அதிகம். எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. மேல் காய்கள் மஞ்சள் கலந்த பழுப்பாகி, உள்ளே விதை கறுத்ததும் அறுத்துவிட வேண்டும்; அடிக்காயும் காயட்டும் என்று காத்திருந்தால் மேல் காய் வாய் பிளந்து, நல்ல விதை எல்லாம் மண்ணில் கிடக்கும். பனி ஈரம் இருக்கும் விடியலில் அறுத்து, அங்கேயே தார்ப்பாயில் போட்டுச் சுருட்டித் தூக்குவதுதான் சரி. நான்கைந்து நாள் நிழலும் வெயிலுமாகக் காய வைத்து, மெல்லிய கம்பால் தட்டி, சுளகில் புடைத்தால் விதை தனியாகிவிடும். பழுப்பும் சாம்பலுமாகத் தெரியும் விதை முற்றாதது. அதைப் பிரிக்காமல் கொண்டுபோனால் கடைக்காரர் மொத்தச் சரக்கையும் அந்த விலைக்கு இறக்கிவிடுவார்.

இன்னொரு இடைஞ்சலை விவசாயக் கையேடுகள் எழுதுவதில்லை. மாசியில் கரிசல் காடு பெரும்பாலும் அறுத்து முடிந்து, ஆடுகள் மேய்ச்சலுக்கு இறங்கிவிடும். கிடை போடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். சுற்றிலும் வெறுங்காடாகக் கிடக்க, நடுவில் உங்கள் ஐந்து சென்ட் மட்டும் பச்சையாக நின்றால் காவல் போட்டே ஆக வேண்டும். ஆடு இதை ஆசையாகத் தின்னாது என்பது உண்மை. ஆனால் மிதித்துவிட்டுப் போனாலே காய் உதிர்ந்துவிடும். வேலி உள்ள கிணற்றடித் தோட்டத்தில் போடச் சொல்வது தண்ணீருக்காக மட்டும் இல்லை.

கொத்தமல்லியின் பலம்

கருஞ்சீரகத்துக்குப் பாதகமாக நிற்கும் எல்லாமே மல்லிக்குச் சாதகமாக இருக்கிறது. வயது குறைவு, கோ 3 ரகம் ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடியும், கோ (சிஆர்) 4 அதற்கும் முன்னால், 65 முதல் 70 நாளில். கார்த்திகை முதல் வாரத்தில் விதைத்தாலும் தை கடைசி, மாசி முதலுக்குள் களத்துக்கு வந்துவிடும். பங்குனி வெயிலைப் பார்க்கவே பார்க்காது. கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரமும் மார்கழிப் பனியும் போதும், தனியாகத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கக் கரிசல்காட்டில் தலைமுறை தலைமுறையாக மானாவாரி மல்லி நிற்பதற்கு இதுதான் காரணம். வாங்குகிற வியாபாரியையும் தேடி அலைய வேண்டாம், விருதுநகர்ச் சந்தை பக்கத்தில் இருக்கிறது.

மானாவாரிக்கு ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை. உருண்டையாகத் தெரியும் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை உண்டு. சாக்கில் பரப்பி மரக்கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முளை நசுங்கிவிடும்; உடைக்காமல் போட்டால் முளைப்பு பிந்தி, ஒரே இடத்தில் இரட்டையாக வரும். வறட்சியைத் தாங்குவதற்குக் கடினப்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது: லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊற வைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துவது. செலவு சொற்பம். மழை பத்து நாள் தள்ளிப்போகும் வருடத்தில் இதைச் செய்த வயலும் செய்யாத வயலும் வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும். பிறகு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கலாம்.

வரிசைக்கு 20 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15. அடியுரம் ஏக்கருக்கு 4 டன் தொழு உரம், 100 கிலோ சூப்பர் பாஸ்பேட், 9 கிலோ யூரியா, 13 கிலோ பொட்டாஷ். முப்பதாம் நாள் களை எடுத்துக் கலைத்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது. ஈரம் இருந்தால் மட்டும் இன்னொரு 9 கிலோ யூரியா.

மல்லியைக் கெடுப்பது வானம். மார்கழியில் நாலு நாள் மந்தாரமாக நின்றால் பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறும். இரவில் பனியும் பகலில் வெயிலுமாக மாறி மாறி வந்தால் இலையில் சாம்பல் பூத்தது போல் நோய் படரும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் ஏக்கருக்கு 400 கிராம், முதல் புள்ளி தெரிந்த உடனே தெளிக்க வேண்டும். பூங்கொத்து வரை ஏறிய பிறகு அடித்தால் பச்சைக்காயோடு விதை சுருங்கியே போகும். பூத்த நேரத்தில் பெருமழை வந்தால் பூ கொட்டிவிடும், அதற்கு மருந்து கிடையாது. மதுரைப் பக்கம் ஐப்பசி முதல் வாரத்திலேயே மல்லி விதைக்காமல் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

மானாவாரியில் ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோ எதிர்பார்க்கலாம். காய் பச்சை மாறிப் பழுப்பு தொடங்கும்போதே காலையில் அறுத்து, நிழலில் உலர்த்தினால் நிறமும் வாசமும் நிற்கும். கடும் வெயிலில் போட்டு வெளுக்க விட்டால் விலையில் தெரியும். கிடங்கில் நன்றாக உலராத மல்லிக்கு ஒரு சிறு பழுப்பு வண்டு வரும். மூட்டையில் மாவு கொட்டினால் அதுதான் அடையாளம்.

மல்லிக்கு மட்டும் உள்ள ஒரு பாதுகாப்பு, இந்த ஒப்பீட்டில் மற்ற எதற்கும் கிடையாது. மழை ஏமாற்றும்போலத் தெரிந்தாலோ, தழை விலை ஏறி நின்றாலோ, 40 நாளிலேயே பிடுங்கிக் கட்டுக் கட்டி மாட்டுத்தாவணிச் சந்தைக்கோ பரவைச் சந்தைக்கோ ஏற்றிவிடலாம். விதை வராவிட்டாலும் செலவுக் காசு திரும்பும். கருஞ்சீரகம் பாதியில் நின்றால் மாட்டுக்குக்கூட ஆகாது. கடன் வாங்கி முதல் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஓமமும் கடுகும்

ஓமம் மல்லியின் உறவு, ஆனால் வயதில் கருஞ்சீரகத்தின் பக்கம். பெரும்பாலான ரகங்கள் 130 நாளைத் தாண்டும். வறட்சியையும் வெயிலையும் கருஞ்சீரகத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆந்திரத்துக் கரிசலில் ஆகஸ்டில் மானாவாரியாகவே விதைக்கிறார்கள். நமக்கு ஆவணி மழை நிச்சயமில்லை. ஆவணியில் விதைத்தாலும் ஐப்பசி மழை பூவில் விழும். ஆகவே இங்கே ஐப்பசிக் கடைசியில் விதைத்து, கையில் ஒன்றிரண்டு தண்ணீர் வைத்துக்கொள்வதே நல்லது. ஏக்கருக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ விதை. மணல் கலக்காமல் கை அளவு வராது. வாசத்துக்குக் காரணமான தைமால் விதை முற்றும்போதுதான் சேரும், பச்சையாக அறுத்தால் ஓமம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முறுக்கு, ஓமப்பொடி போடும் பலகாரக் கடைகளும் ஓமத்தண்ணீர் காய்ச்சுகிறவர்களும் உள்ளூரில் உண்டு. அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டிப் பேசிவிட்டால் கால் ஏக்கர் வரை துணியலாம்.

கடுகு மதுரையிலும் முளைக்கும், 40, 45 நாளில் மஞ்சளாகப் பூக்கவும் செய்யும். ஆனால் குளிர் போதாமல் காய் சிறுக்கும், அசுவினி அடர்ந்து மொய்க்கும், வடக்கிலிருந்து லாரியில் வரும் கடுகின் விலையோடு நம்மால் போட்டி போட முடியாது. கோஸ், காலிபிளவர் நடுகிறவர்களுக்கு மட்டும் இது உதவும். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு, ஒன்று நடவுக்கு 15 நாள் முன்பும் மற்றது நட்ட 25-ம் நாளும் விதைத்தால் கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகிலேயே முட்டையிடும். அந்த வரிசைகளில் மட்டும் மருந்து தெளித்தால் போதும்.

விலைக் கணக்கு

கருஞ்சீரகத்தின் கடை விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவது முதல் தவறு. சில்லறை விலைக்கும், கீழமாசி வீதி மொத்தக் கடைக்காரர் உங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் விலைக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. விதைப்பதற்கு முன் ஒரு கிலோ சுத்தமான கருஞ்சீரகத்தை மாதிரியாகக் கொண்டுபோய், "இந்தத் தரத்தில் ஐம்பது கிலோ கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். அந்த விலைதான் கணக்குக்கு உதவும்.

பிறகு இப்படிப் பாருங்கள். மானாவாரி மல்லியில் ஏக்கருக்கு 140 கிலோ என்று வையுங்கள். கருஞ்சீரகத்துக்கு வடநாட்டு 350 கிலோவைப் போடாதீர்கள். நம் வெப்பத்தில், முதல் வருடக் கைப்பழக்கத்தில், பாதிக்கும் கீழே, 150 கிலோ என்று வைப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்காத கணக்கு. எடை ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. அப்படியென்றால் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை 150-ஆல் பெருக்கி வரும் தொகையில், கூடுதலாக ஒரு களை, ஏழெட்டுத் தண்ணீர், தார்ப்பாய், ஒன்றரை மாதக் காவல் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கிய பிறகு மிஞ்சுவது உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அடுத்த வருடம் பரப்பைக் கூட்டலாம்.

எண்ணெயாக ஆட்டி விற்கலாம் என்பதும் சொல்லப்படுகிறது. விதையில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய் உண்டு. ஆனால் மரச்செக்கில் அவ்வளவும் இறங்காது, செக்கை நனைக்கவே ஒரு குறைந்த அளவு விதை வேண்டும். ஐந்து சென்ட் விளைச்சல் அதற்குக் காணாது. பாக்கெட்டில் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. சர்க்கரை தீரும், கொழுப்பு கரையும் என்றெல்லாம் உறையில் அச்சடிப்பது சட்டப்படி தவறு. அதைவிட, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள் அதை நம்பிக் கருஞ்சீரகத்தை அள்ளிச் சாப்பிட்டால் சர்க்கரையும் அழுத்தமும் அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள் மருந்து அளவில் எடுக்கவே கூடாது. வாங்குகிறவரிடம் விற்கிறவர் இதைச் சொல்ல வேண்டும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அடி ஆழப் பையில், செம்மண் இரண்டு, மக்கிய உரம் ஒன்று, மணல் ஒன்று என்று கலந்து நேரடியாக விதைக்கலாம். நாற்றுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து ஏங்கிவிடும். ஒரு பைக்கு நாலைந்து செடி. செடிக்கு 10 காய், காய்க்கு 80 விதை என்று நன்றாகவே வந்தாலும் 800 விதை, எடையில் இரண்டு கிராம்தான். இருபது செடிக்கு 40 கிராம். பூவின் அழகுக்கும் தேனீக்கும் வளர்க்கலாம், வீட்டு வருடத் தேவைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். அதே பைகளில் மல்லி போட்டால் தழை வாரம் தவறாமல் கிடைக்கும்.

மேலூர், உசிலம்பட்டிச் செவல் மேட்டில் கிணற்றுப் பாசனம் வைத்திருப்பவர்கள் கருஞ்சீரகச் சோதனைக்கு மற்றவர்களைவிட வாகான இடத்தில் இருக்கிறார்கள். வடிகால் பிரச்சினை பாதி குறைந்துவிடும். சோழவந்தான் பக்கத்து நஞ்சைக் களிமண்ணில் முயலவே வேண்டாம். சந்தேகம் உள்ளவர்கள் மண் மாதிரியோடு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் ஒருமுறை பேசிவிட்டு இறங்கலாம்.

சோதனைப் பாத்தி போடுகிறவர்கள் விதையை மொத்தமாகக் கலந்து எடுத்து வைக்க வேண்டாம். மாசி வெயில் ஏறுவதற்கு முன்பே காய் முற்றிய செடிகள் பாத்தியில் பத்துப் பதினைந்தாவது தெரியும். அவற்றில் சிவப்பு நூல் கட்டி, தனியே அறுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் பெயர், தேதி எழுதி வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கு விதைக்க வேண்டியது அந்த விதை.